பாரசீகப் பூனையின் குணமும் நமது பொறுப்பும்

தோட்ட லயங்களில் நாம் காணும் பூனை எலி பிடிக்கும், கூரையேறும், பசித்தால் ஊரே கேட்கக் கத்தும். நீண்ட உரோமமும் தட்டை முகமும் வட்டக் கண்களும் கொண்ட ‘பேர்ஷியன்’ பூனையின் இயல்பு வேறு. அழகைப் பார்த்து ஆசைப்படுமுன் அதன் குணத்தை அறிந்துகொள்வது நல்லது.

வரலாறு

இத்தாலியப் பயணி பியெட்ரோ டெல்லா வல்லே 1620 அளவில் பாரசீகத்தின் குராசான் பகுதியில் கண்ட நீள்உரோமப் பூனைகளைப் பற்றி எழுதினார். 1871இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் பெரும் பூனைக் கண்காட்சி நடைபெற்றது. அதன் பின்னர் பூனை வளர்ப்போர் தாம் விரும்பிய தோற்றத்தையும் சாந்தத்தையும் உடைய பூனைகளைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினர். இன்றைய பாரசீகப் பூனை அந்தத் தெரிவின் விளைவாகும்.

குணம்

இப்பூனை மெல்லிய குரலுடையது, அதிகம் துள்ளாது, உயரம் ஏறுவதைவிட ஒரே இடத்தில் சாய்ந்திருப்பதை விரும்பும். உணவும் உறக்கமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அமைவது அதற்குப் பிடிக்கும். இரைச்சலும் அடிக்கடி வரும் புதியவர்களும் அதனைக் கலங்கச் செய்யும். பழகியவரிடம் அன்பு காட்டும். ஆனால் தூக்கி அமுக்குவதை எல்லா வேளையும் பொறுக்காது.

பிறப்பு மாத்திரம் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. பிறந்து இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதரின் மென்மையான கை பட்டு வளர்ந்த குட்டி பிற்காலத்திலும் அஞ்சாது பழகும்.

இங்கு ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. நீண்ட உரோமம் பின்னிடைவான பரம்பரையலகு ஒன்றினால் உண்டாவது. ஆகவே, குறுகிய உரோமமுடைய இரு நாட்டுப் பூனைகளுக்கும் சிலவேளை நீள்உரோமக் குட்டி பிறக்கலாம். அது பாரசீகப் பூனையும் அல்ல. சாந்தமாகத்தான் இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

அமைதியின் மறுபக்கம்

பூனைகள் பொதுவாக நோவை மறைப்பவை. இயல்பிலேயே அமைதியான பூனை நோயுற்றால், “அது எப்போதும் இப்படித்தான்” என்று வீட்டார் எண்ணிவிடுவர். தட்டை முகத்தால் மூச்சுவிடச் சிரமமும் ஓயாத கண்ணீரும் ஏற்படலாம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோயும் இவ்வினத்தில் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு அந்நோய் இருந்தாலே குட்டிக்கு வரும் வாய்ப்பு அரைவாசியாகும். ஒரு நாளுக்கு மேல் உண்ணாதிருத்தல், ஒளிந்திருத்தல், வாய் திறந்து மூச்சுவிடுதல் என்பன கண்டால் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நமது காலநிலையில்

மலைநாட்டின் குளிர் இதற்கு ஓரளவு இதமானது. ஆனால், வடகீழ்ப் பருவமழையில் நனைந்த உரோமம் சடைபிடிக்கும்; படர்தாமரையும் தொற்றலாம். அது மனிதருக்கும் பரவக்கூடியது. தேயிலைச் செடிகளுக்கிடையே விட்டால் ஒட்டுப்புல்லும் அட்டையும் உரோமத்தில் புகும். எனவே வீட்டுக்குள் வளர்த்து, தினமும் சீப்பால் வாரி, கண்ணோரத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியும் அவசியம்.

அமானிதம்

பூனைக்குட்டியிடம் கொண்ட பிரியத்தால் ‘அபூஹுரைரா’ என்று பெயர் பெற்ற ஸஹாபியை நாம் அறிவோம். பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். நாட்டுப் பூனை நாம் மறந்தாலும் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். பாரசீகப் பூனையோ உணவுக்கும் உரோமத்திற்கும் நம் கையையே நம்பியிருப்பது. ஆதலால் இந்த எச்சரிக்கை அதனை வளர்ப்போருக்கு மேலும் பொருந்தும்.

பிள்ளை கேட்கிறாள் என்பதற்காக வாங்குமுன் பெற்றோர் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: பரீட்சைக் காலத்திலும் பெருநாள் பரபரப்பிலும் தினமும் அதை வாரிவிடப்போவது யார்? அதற்கு விடை உள்ள வீட்டிலேயே அந்த வாயில்லா ஜீவன் நிம்மதியாக வாழும்.