உழைச்செல்வான்: செவிலித் துணையர் தேர்வும் வள்ளுவர் சுட்டிய நான்காம் கூறும்

முன்னுரை

நம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்று, மணமாகிக் கணவருடன் அமெரிக்காவில் குடியேறிய மாணவி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். அங்கு முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் செவிலித் துணையராகப் பணியாற்றப் பயிற்சி பெற்று வருவதாகவும், அதற்குரிய சான்றிதழ்த் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று விளங்கவில்லை எனவும் குறிப்பிட்டிருந்தார். மடலின் இறுதியில் இரண்டு வரிகள் இருந்தன. “பட்டம் பெற்ற பிள்ளை பிறருடைய மலசலம் எடுக்கப் போவதா என்று அத்தா வருந்துகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன மறுமொழி சொல்வது?”

தேர்வுக்கு வழி கேட்டது ஒரு வினா. தந்தைக்கு விடை கேட்டது மற்றொரு வினா. முன்னதற்கு விடை காண அவர் அனுப்பிய பாடக் குறிப்புகளையும் தேர்வர் கையேட்டையும் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது புலனாயிற்று. அவ்விடையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் கண்ட நால்வகை

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நின்றுவிடவில்லை. ‘உழைச்செல்வான்’ என ஒருவனை நான்காவதாக நிறுத்துகிறார். ‘உழை’ என்பது பக்கம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தே இருந்து பணிவிடை செய்பவனே உழைச்செல்வான். இவன் மருத்துவனுக்கு ஏவலாள் என்று வள்ளுவர் கூறவில்லை; மருத்துவனோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறார் என்பது நோக்கத்தக்கது.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகள் உண்டென விரிக்கிறார். அவற்றுள் பணிவிடை செய்பவனுக்கு உரியவை இவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் என்னும் மூன்றிலும் தூய்மை, ஏவியதை ஏவியவாறே செய்யும் ஆற்றல், அறிவு. அமெரிக்க நாட்டுத் தேர்வுக் கையேட்டை இந்த நான்கின் கீழ்ப் பகுத்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

தேர்வின் அமைப்பு

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தரம் பற்றிய விரிவான ஆய்வறிக்கை ஒன்று 1986இல் வெளிவந்தது. அதனையடுத்து 1987இல் ‘ஓப்ரா’ எனச் சுருக்கமாக வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் உதவித்தொகை பெறும் இல்லங்களில் பணிபுரியும் துணையர் அனைவரும் பயிற்சியும் தேர்வும் பெற்றிருத்தல் வேண்டும் என அது விதித்தது. அதன்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி தேவை; அதில் 16 மணி நேரமேனும் மேற்பார்வையின் கீழ்ச் செய்முறைப் பயிற்சியாக அமைய வேண்டும். மாநிலங்கள் இதற்கு மேலும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பல மாநிலங்கள் அவ்வாறே கூட்டியுள்ளன.

தேர்வு இரு பகுதிகளை உடையது. ஒன்று எழுத்துத் தேர்வு. விரும்புவோர் அதனை வாய்மொழியாக எழுதவும் வழியுண்டு. மற்றொன்று செய்முறைத் தேர்வு. அதில் எந்தப் பணியைச் செய்துகாட்டச் சொல்வார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. தேறாதவருக்குக் குறைந்தது மூன்று வாய்ப்புகளேனும் அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். தொடர்ந்து 24 மாதங்கள் ஊதியத்துடன் இப்பணி செய்யாதவர் மீண்டும் பயிற்சியோ தேர்வோ பெற வேண்டும்.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுதலின், தாம் வாழும் மாநிலத்தின் தேர்வர் கையேட்டையே மாணவர் முதல்நூலாகக் கொள்ளல் வேண்டும். ஏனைய வினா விடை நூல்களெல்லாம் வழிநூல்களே.

1. அன்பு

அன்பைத் தேர்வில் எவ்வாறு அளப்பது என்று கேட்கத் தோன்றும். கையேடு அதனைச் செயல்களாக மாற்றி வைத்திருக்கிறது. பணி தொடங்குமுன் நோயாளியின் முகம் நோக்கி, தெளிவாகவும் மெதுவாகவும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். திரையை இழுத்து மறைக்க வேண்டும். உடல் துடைக்கும் நீரின் சூடு தாங்கும் அளவா என்று அவரையே கேட்க வேண்டும். உணவூட்டும்போது அவரை நிமிர்ந்து அமரச் செய்து, தாமும் எதிரே அமர்ந்து, எந்த உணவு என்று சொல்லி ஊட்ட வேண்டும். பணி முடிந்து நீங்குமுன், அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இங்கேதான் பெரும்பாலும் பிழை செய்கின்றனர். பெரியவர்முன் வாய் திறவாமல் வேலை செய்வதே பணிவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் படுக்கையில் கிடப்பவர்க்கு, சொல்லாமல் தம் உடலைத் தொடும் கை அச்சத்தையே தரும். ஆதலால் பயிற்சியின்போது ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பழகுதல் நன்று.

2. தூய்மை

கை கழுவுதல் இத்தேர்வின் அகர முதல். பல மாநிலங்களில் செய்முறைத் தேர்வில் ஐந்து பணிகள் தரப்படுகின்றன. அவற்றுள் கை கழுவுதல் தவறாது இடம்பெறும். சோப்பு நுரை படிய, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம் ஆகியவற்றைக் குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். விரல்நுனி கீழ்நோக்கியே இருத்தல் வேண்டும். தொட்டியின் உட்புறத்தில் கை படலாகாது. துடைத்த பின் குழாயை வெறுங்கையால் மூடாமல் காகிதத் துண்டால் மூட வேண்டும். அழுக்கான குழாயைக் கழுவிய கை தொட்டால் செய்த வேலை வீணாகும் என்பதே காரணம். நாள்தோறும் ஐவேளை ஒளூச் செய்து பழகியவர்க்கு, வரிசை பிறழாமல் உறுப்புகளைத் தூய்மை செய்தல் புதிய செய்தியன்று.

மெய்த் தூய்மை இவ்வாறாக, மொழித் தூய்மை மறைபொருள் காத்தலாகும். ஒரு நோயாளியின் நிலையை மற்றொருவரிடமோ, தன் வீட்டாரிடமோ பேசுதல் குற்றம். எழுத்துத் தேர்வில் இதனை ஒட்டி வினாக்கள் வரும்.

3. ஏவியவாறே செய்தல்

இத்தேர்வில் தளர்வுக்கு இடமில்லாத சில படிகள் உண்டு. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்க்கு ஆடை அணிவிக்கும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். களையும்போது வலிய கையிலிருந்தே தொடங்க வேண்டும். ‘உடுத்தத் தளர்ந்தது முன், களைய வலியது முன்’ என்று இதனை ஒரு சூத்திரமாக்கி மாணவிக்கு எழுதி அனுப்பினேன். சக்கர நாற்காலிக்கு மாற்றுமுன் சக்கரங்களைப் பூட்ட வேண்டும். நோயாளிக்கு வழுக்காத காலணி அணிவிக்க வேண்டும்.

அளவைகளிலும் அத்தகைய கண்டிப்பு உண்டு. நாடியை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, விரல்நுனிகளை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பல மாநிலங்களில் பின்பற்றப்படும் முறையின்படி, தேர்வர் எழுதும் எண் மதிப்பீட்டாளரின் எண்ணிலிருந்து நாடித் துடிப்பில் நான்குக்கு மேலும், மூச்சில் இரண்டுக்கு மேலும் விலகலாகாது. சிறுநீரின் அளவை 25 மில்லி லிட்டருக்குள் சரியாகக் கூற வேண்டும். அதற்கு அளவுக் கலத்தைச் சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்தில் நோக்க வேண்டும்.

நம் மாணவி முதல் முறை தேறவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர், செய்முறையில் சக்கரத்தைப் பூட்ட மறந்துவிட்டார். “ஒரு பூட்டுக்காகவா, அதுவும் பாசாங்கு நோயாளிக்கு?” என்று மனம் நொந்து எழுதினார். நாற்காலி நகர்ந்து ஒரு முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அதன்பின் அவர் எழுந்து நடவாமலே போகவும் கூடும். விதியின் கண்டிப்பு அந்த முதியவரை நினைத்து எழுந்தது என்று மறுமொழி எழுதினேன். மேலும், ஒரு படியைத் தவறவிட்டதை உணர்ந்தால் பணியை முடிக்குமுன் மதிப்பீட்டாளரிடம் வெளிப்படையாகச் சொல்லித் திருத்திக்கொள்ளப் பெரும்பாலும் இடமளிக்கிறார்கள். பிழையை மறைக்காத பழக்கமும் இத்தேர்வு கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று.

4. அறிவு

எழுத்துத் தேர்வு சோதிப்பது நினைவாற்றலைக் காட்டிலும் எல்லையறிவையே. முதியவர் ஒருவர் இன்று குளிக்க மாட்டேன் என்கிறார். துணையர் என்ன செய்ய வேண்டும்? வற்புறுத்துவதும் பிழை, பேசாமல் விட்டுவிடுவதும் பிழை. மறுக்கும் உரிமையை மதித்து, காரணத்தைக் கேட்டறிந்து, பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தலே விடை. மருந்தை மாற்றுவதும் நோயின் பெயரை உரைப்பதும் துணையரின் வேலையல்ல. காண்பதும் தெரிவிப்பதும் அவர் வேலை. வினாவில் ‘முதலில்’, ‘சிறந்தது’, ‘கூடாதது’ என்னும் சொற்கள் வந்தால் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும்.

தெரிவிக்கும் முறையில் மொழிப் பயிற்சி பெரிதும் துணைசெய்யும். ‘காலையில் சோர்வாக இருந்தார்’ என்பது கருத்து. ‘காலை உணவில் பாதியே உண்டார், இருமுறை அழைத்த பின் கண் திறந்தார்’ என்பது காட்சி. ‘தலை சுற்றுகிறது என்று கூறினார்’ என்பது நோயாளியின் கூற்று. கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் வேறுபிரித்து எழுதுதல் வேண்டும். அகப்பாடல்களில் இது யார் கூற்று என்று பிரித்தறியக் கற்ற மாணவர்க்கு இது அரிதன்று.

கலைச்சொற்களைக் கண்டு அஞ்சுவோரும் உளர். நன்னூல் வழிப் பகுபதத்தைப் பிரிப்பதுபோல் அவற்றைப் பிரித்துப் படிக்கலாம். ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி. ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ‘கிளைசீமியா’ இரத்தச் சர்க்கரையைக் குறிக்கும். இம்மூன்றையும் அறிந்தவர்க்கு ஹைப்பர்கிளைசீமியாவும் ஹைப்போகிளைசீமியாவும் மனப்பாடம் செய்ய வேண்டாத சொற்கள். ‘என்.பி.ஓ.’ என்று கட்டிலருகே எழுதியிருந்தால், வாய்வழியாக எதுவும் தரலாகாது என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. அது தெரியாதவர், இரக்கப்பட்டுத் தரும் ஒரு குவளை நீரும் தீங்காகலாம். அறிவில்லாத அன்பு போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயத்தமாகும் முறை

நாளொன்றுக்கு ஒரு பணி என்று வகுத்துக்கொள்க. முதலில் அதன் படிகளைக் கையால் எழுதுக. பின்னர் வாய்விட்டுச் சொல்லுக. பின்னர் வீட்டிலுள்ள ஒருவரை நோயாளியாக்கிச் செய்துகாட்டுக. மற்றொருவர் கையேட்டை வைத்துக்கொண்டு விட்ட படிகளைக் குறிக்கட்டும். இறுதியாக, ஒரு நாள் நீங்களே நோயாளியாகப் படுத்துப் பாருங்கள். அறிவிப்பின்றிப் போர்வை விலக்கப்படும்போது எப்படியிருக்கும் என்பதை எந்த நூலும் அவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

முடிவுரை

இனித் தந்தையின் வினாவுக்கு வருவோம். கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் சேர்க்கச் செய்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. காயம்பட்டோர்க்குப் பணிவிடை செய்வதையே தம் கடமையாகக் கொண்டவர் அவர். இறைவனைத் தொழும் இடத்தை ஒட்டியே அப்பணிக்கு இடம் தரப்பட்டது. அத்தகைய பணியை இழிவென்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு?

இதனை மாணவிக்கு எழுதியதோடு, அவர் தந்தையை நேரில் கண்டும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “என் தாயார் கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். பார்த்துக்கொண்டது என் மனைவிதான். அதற்கு ஒரு தேர்வு வைத்திருந்தால் அவள் முதல் வகுப்பில் தேறியிருப்பாள்” என்றார். சற்றுப் பொறுத்து, “மகளை அடுத்த முறை பூட்டை மறக்க வேண்டாமென்று எழுதுங்கள்” என்றும் சொன்னார்.

மாணவி இரண்டாம் முறை தேறினார். இன்று நம் வீடுகளிலும் படுக்கையில் கிடக்கும் முதியோர் பலர். தேர்வு எழுதாவிடினும், அவர்தம் பக்கத்தே செல்லும் முறை அறிந்திருத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் கடமை. அவர்களிடம் அன்பும் தூய்மையும் செயல்திறனும் அறிவும் உடையவராக நம்மை இறைவன் ஆக்கியருள்வானாக.