தட்டையும் மட்டமும்

சொற்கள் ஒன்றுக்கொன்று உறவுடையனவேயாயினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று இருத்தல் எப்பொழுதும் பொருந்துவதன்று. மேடுபள்ளமின்மையைக் குறிக்கும் சொற்கள் நம் மொழியிற் பல உள. அவற்றுள் ‘தட்டை’ என்னுஞ் சொல்லை முதன்மையாகக் கொண்டு, அதன் பொருளையும் ஆட்சியையும் இங்கு ஆராய்வாம்.

தட்டு, தட்டம், தட்டை என்பன ஒரு குடும்பத்துச் சொற்கள். கனம் குறைந்து அகலம் மிகுந்திருத்தலே தட்டையின் இயல்பு. உள்ளங்கையால் தட்டிப் பரப்பிய மாவே பருத்தித்துறையிற் பேர்போன தட்டை வடையாகின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தட்டை என்பது தினைப்புனத்திற் கிளி கடியும் கருவிகளுள் ஒன்று. மூங்கிலைப் பிளந்து, தட்டி ஒலியெழுப்புவது அது. ஆண்டு அச்சொல் வடிவத்தைக் குறிக்கவில்லை என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

இனி, இலக்கணம் நோக்குவாம். தட்டை என்பது வடிவம் பற்றிய பண்புப் பெயர். ‘தட்டைக்கல்’ என்பது தட்டையாகிய கல் என விரிதலிற் பண்புத்தொகை. ஈண்டு வல்லினம் மிகும். ‘தட்டையான கல்’ என எழுதும்போது ‘ஆன’ பெயரெச்சமாதலின் வல்லினம் மிகாது; ‘தட்டையானக் கல்’ என்பது பிழை. ‘தட்டையாகச் செதுக்கினான்’ என்புழி ‘ஆக’ என்பதன் பின் வல்லினம் மிகும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்தவன் தேர்விலே இடர்ப்படான்.

பொருள் வேறுபாட்டை அறிதல் இதனினும் அரிது. அதனை யான் கற்றது நூலிலன்று.

யான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த புதிதில், ‘எங்கள் வீடு’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணித்தேன். ஒருவன், “எங்கள் வீட்டுத் தரை மிகவும் மட்டமானது” என்று எழுதியிருந்தான். மட்டம் என்பதற்கு இழிவு என்னும் பொருள் பேச்சு வழக்கில் உண்டன்றோ? அதுவே என் நினைவில் முந்தியது. வகுப்பினர் கேட்க அவ்வரியை வாசித்தேன். பிள்ளைகள் நகைத்தனர். சிவப்பு மையால் ‘மட்டமானது’ என்பதை வெட்டித் ‘தட்டையானது’ என எழுதிக் கொடுத்தேன். அவன் ஒன்றுஞ் சொல்லாது இருந்துவிட்டான்.

சில நாட்களின் பின் அவன் தந்தையார் வேறொரு காரியமாக வந்தார். அவர் கொத்துவேலை செய்பவர். போகும்போது தயங்கி நின்று, “வாத்தியார், கோவியாதையுங்கோ. கல்லுத் தட்டையாய் இருக்கலாம். தரை மட்டமாய் இருக்கவேணும். அது நான் இரசமட்டம் வைச்சுப் பார்த்துப் போட்ட தரை” என்றார்.

யான் நாணினேன். அப்பிள்ளை தன் வீட்டை இழித்து எழுதவில்லை. தந்தையின் கைத்திறனைப் புகழ்ந்தே எழுதியிருந்தான். மறுநாள் அதே வகுப்பில், பிழை என்னுடையதே என்று கூறி, அக்கொப்பியில் யான் இட்ட கோட்டை யானே அழித்தேன்.

அன்று தெளிந்தவற்றைக் கூறுகின்றேன். தட்டை என்பது பொருளின் வடிவம். மட்டம் என்பது அது கிடக்கும் நிலை. சுவரிற் சாத்திய பலகை தட்டையானது. ஆனால் மட்டமாக இல்லை. கிணற்று நீரின் மேற்பரப்பு மட்டமானது. கிணற்று நீரைத் தட்டை என்பாரில்லை. சமதரை, சமவெளி என்பன நிலத்தின் இயல்பு பற்றியன. சமவெளியிலும் மழைநீர் ஒருபுறமாக ஓடுதலின், சமவெளியெல்லாம் மட்டமாகா. சப்பை என்பது அமுங்கித் தன் மேட்டை இழந்தது. நசுங்கிய தகரப்பேணி சப்பையாயிற்று என்போம். இதனையே பேச்சிற் சப்பட்டை என வழங்குவர்.

தட்டை என்பது ஒப்பு நோக்கியும் வரும். பூமி துருவங்களிற் சற்றே தட்டையானது என்று புவியியலார் கூறுவர். நடுவரையில் அதன் ஆரை ஏறத்தாழ 6378 கிலோமீற்றர்; துருவத்தில் 6357 கிலோமீற்றர். வேற்றுமை 21 கிலோமீற்றரே. ஈண்டுத் தட்டை என்றதனாற் பூமி தட்டுப்போன்றது எனக் கொள்ளற்க. முழுக் கோளத்தினும் சிறிது குறைந்தது என்பதே கருத்து.

மாணவர்காள்! ஒரு சொல்லை எழுதுமுன் அது குறிப்பது வடிவத்தையோ, நிலையையோ, நிலத்தின் இயல்பையோ, சிதைவையோ என்று வினவுக. ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவருஞ் சொல்லை வெட்டுமுன், அஃது எத்தொழிலிற் பிறந்தது என்று ஒருகால் அவனையே கேட்டறிக. கொத்தனாரும் கமக்காரரும் தச்சரும் நாள்தோறும் கையாண்டு காத்துவருஞ் சொற்கள் நம் அகராதிகளுக்குக் குறைந்தன அல்ல. சிவப்பு மை விரைந்து உலரும். வகுப்பிற் பட்ட நாணம் எளிதில் உலராது.