ரத்தம் கொடுக்கும் முன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதுமாம். 220 உணவுகளில் எது உனக்கு ஆகும், எது ஆகாது என்று சிவப்பு, மஞ்சள், பச்சையாகப் பிரித்துப் பத்து நாளில் அனுப்பிவிடுவார்களாம். "அம்மா பணம் தர்றேன்னுட்டாங்க சித்தி, எடுத்துரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடக்கூடிய விஷயமல்ல இது. எதைத் தின்றால் வயிறு சும்மா இருக்கும் என்று தெரியாமல் மூன்று வேளையும் மெஸ் தட்டைப் பார்த்துப் பயப்படுகிறவளுக்கு, யாராவது ஒரு பட்டியல் தந்தால் அது வரமாகத்தான் தெரியும். அந்தப் பயத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. 28 வருஷம் லேபில் ரத்தத்தோடும் சளியோடும் மலத்தோடும் இருந்தவள். ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் நான் கற்றது. அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள். இறால் சாப்பிட்ட அரை மணியில் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அது ஒவ்வாமை. அதன் பின்னால் இருப்பது ஐ.ஜி.இ. என்கிற எதிர்ப்புப் புரதம். 1960-களின் நடுவில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். 1968-ல் அதற்குப் பெயர் வந்தது. அதை அளக்கும் சோதனைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதுகூடத் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது, ரத்தத்தில் ஐ.ஜி.இ. இருந்தும் அதே உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பால் குடித்து இரண்டு மணி நேரத்தில் வயிறு உப்பிப் பேதியாவது வேறு சங்கதி. அது ஒத்துக்கொள்ளாமை. எதிர்ப்புப் புரதத்துக்கு அங்கே வேலையே இல்லை, செரிமானத்தில்தான் குறை.

உன் விளம்பரக்காரர்கள் அளப்பது இந்த இரண்டையும் அல்ல. ஐ.ஜி.ஜி. என்கிற மூன்றாவது ஒன்றை. நீ எதைச் சாப்பிட்டு வளர்ந்தாயோ அதற்கெல்லாம் உன் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. இருக்கும். உடம்பு ஓர் உணவைச் சந்தித்ததற்கான குறிப்பு அது. இன்னும் சொன்னால், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலையைக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், உடம்பு அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கும்போது ஐ.ஜி.ஜி.யின் நான்காவது வகை ஏறுகிறது. ஏற்றுக்கொண்டதன் அடையாளத்தைச் சிவப்பு நிறத்தில் அச்சடித்து 'இதைத் தொடாதே' என்றால் என்ன செய்வது? 2008-ல் ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் கழகம், உணவுப் பிரச்சினையைக் கண்டறிய இந்தச் சோதனை வேண்டாம் என்று எழுதியது. 2010-ல் அமெரிக்கக் கழகமும் 2012-ல் கனடாக் கழகமும் அதையே சொல்லின.

இதில் உனக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உனக்கு இருப்பது குரோன் நோய், உன் குடல்சுவர் அழற்சியில் இருக்கிறது. அழற்சியுள்ள சுவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கசியும். உணவுப் புரதத்தின் துணுக்குகள் உள்ளே போகும். உடம்பு அவற்றுக்கு எதிராக இன்னும் அதிகமாக ஐ.ஜி.ஜி. செய்யும். அப்படியானால் நீளமான சிவப்புப் பட்டியல் ஒன்று வந்தால் அது எதைக் காட்டுகிறது? குடலில் புண் இருக்கிறது என்பதை. அது உனக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் புண்ணைக் கத்திரிக்காயும் பச்சைப்பயறும்தான் உண்டாக்கின என்று அந்தத் தாள் நிரூபிக்காது.

வேலையில் இருந்தபோது ஒருமுறை என் ரத்தத்தையே ஒரே குத்தில் எடுத்து, இரண்டு குழாய்களில் பிரித்து, இரண்டு பெயர்களில் வெளியூர் லேப் ஒன்றுக்கு இந்தச் சோதனைக்காக அனுப்பினேன். இரண்டு தாள்களும் வந்தன. ஒன்றில் முட்டை சிவப்பு, மற்றதில் பச்சை. பூண்டும் அப்படியே. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு அம்மா தன் மகளை அழைத்து வந்திருந்தார். உன் வயசுதான் இருக்கும், உன் நோய்தான். இப்படி ஒரு பட்டியலை நம்பி அரிசி, பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். அல்புமின் என்கிற புரதத்தைப் பார்க்க ரத்தம் எடுத்தேன். கையில் நரம்பு கிடைக்கவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தாள். இந்தக் கடிதத்தை எழுத வைப்பது அந்தக் கைதான்.

எதிர்த்தரப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2004-ல் இங்கிலாந்தில் 150 பேரைச் சேர்த்து, பாதிப் பேரிடம் ஐ.ஜி.ஜி. பட்டியல்படி உணவை நிறுத்திப் பார்த்தார்கள். ஓரளவு பலன் தெரிந்தது. அமெரிக்காவிலும் அண்மையில் அப்படி ஓர் ஆய்வு வந்திருக்கிறது. விளம்பரங்கள் இவற்றைத்தான் காட்டும். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்களுக்கு ஐ.பி.எஸ்., அதாவது குடலின் இயக்கமும் உணர்வும் தடுமாறும் பிரச்சினை. சுவரில் புண் கிடையாது. உனக்கு இருக்கும் குரோன் ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய். ஓர் எழுத்து மாறினால் நோயே வேறு. குரோன் நோயாளிகளிடமும் சிறிய ஆய்வு நடந்தது, 4 வாரம். அன்றாட வாழ்க்கை சற்றுச் சுலபமானதாகச் சொன்னார்கள். அதில் நிறுத்தியது நான்கே வகை உணவு. 220 உணவுப் பட்டியலுக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. தலைமுடியை அனுப்பு, கையில் மின்கம்பியைப் பிடி என்கிற சோதனைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே.

சரி, எதைத்தான் எடுப்பது?

எந்தச் சோதனைக்கும் கை நீட்டும் முன் ஒரு கேள்வி கேள்: 'இதன் முடிவு இப்படி வந்தால் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன்?' இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தச் சோதனை வேண்டாம். இந்தக் கேள்வியோடு பார்த்தால், உனக்கு இப்போது முதலில் வேண்டியது உணவுச் சோதனையே அல்ல. மலத்தில் கால்ப்ரொடெக்டின். வெள்ளணுக்களில் ஒரு வகைக்குள் இருக்கிற புரதம் அது. குடல்சுவரில் சண்டை நடக்கும்போது அந்த அணுக்கள் குடலுக்குள் வந்து விழும், புரதம் மலத்தோடு வெளியே வரும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அமைதி. 250-க்கு மேலே என்றால் நெருப்பு எரிகிறது. சிறுகுடல் குரோனில் இந்த எண் சில சமயம் குறைத்துக் காட்டும். அதனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எண் அதிகமாக இருந்தால் உன் வயிற்றுவலிக்குச் சாம்பாரைக் குற்றம் சொல்லாதே. மருந்து போதவில்லை என்று டாக்டரிடம் போ. பேதி திடீரென்று கூடியிருந்தால் கிருமி ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் அதே மலத்தில் பார்க்கச் சொல். எண் குறைவாக இருந்து வயிறு மட்டும் உப்பினால், அப்போது உணவைப் பற்றிப் பேசலாம்.

இங்கே ஒன்று கேட்க வேண்டும். மாதவிலக்கு வலிக்கு ஹாஸ்டலில் கைக்குக் கை மாறுமே ஒரு மாத்திரை, மெஃபெனமிக் அமிலம், அதைப் போடுகிறாயா? அதுவும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவையும் குடல்சுவரைப் புண்ணாக்கும். கால்ப்ரொடெக்டினையும் ஏற்றிக் காட்டும். மாதத்தில் அந்த மூன்று நாளுக்குப் பிறகு வயிறு கெடுகிறது என்றால், நீ அந்த வாரம் என்ன சாப்பிட்டாய் என்று தேடி அலைவதற்கு முன் அந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்.

அடுத்து பால். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி, வளர்ந்த பிறகும் நீடிப்பது நம் நாட்டில் வடமேற்கில் அதிகம், தெற்கே வர வர குறைவு. அதோடு சிறுகுடலில் அழற்சி இருந்தால் இருக்கிற நொதியும் குறையும். இதற்குச் சரியான சோதனை இருக்கிறது. லாக்டோஸ் கரைசலைக் குடிக்க வைத்து, அரை மணிக்கொரு தரம் நீ விடும் மூச்சில் ஹைட்ரஜனை அளப்பார்கள். பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் குறையாமல் ஏறினால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல், முடிவு மாறிவிடும். அந்தச் சோதனை உன் ஊரில் இல்லையென்றாலும் பாதகமில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, ஒருநாள் காலை வெறும் பால் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பால் ஆகாதவர்களிலும் பெரும்பாலோருக்குத் தயிர் ஆகும்; உறை போடும் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அதனால் தயிர்சாதத்தைக் கைவிடாதே.

கோதுமைக்கு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற ரத்தச் சோதனை, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. இது, கோதுமையால் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கானது. அதற்குரிய எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் 1,000 பேரில் 12 பேருக்கு இருக்கிறது, தெற்கே ஒருவருக்கு என்று 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. உனக்கு இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம். உன் ரூம்மேட் சொன்னாள் என்று சப்பாத்தியை நிறுத்தியிருக்கிறாயே, அதுதான் தவறு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இந்தச் சோதனை பேசும். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் ஒளிந்துகொள்ளும்.

அம்மா தருகிற பணத்தில் மிச்சத்தை, இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், பி-12, வைட்டமின் டி பார்க்கச் செலவழி. பி-12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். உன் நோய் உட்கார்ந்திருக்கிற இடமே அதுதான். ஃபெரிட்டின் தாளைப் பார்த்து ஏமாறாதே. அழற்சி இருக்கும்போது அது தானாக ஏறும்; தாளில் 60 என்று 'நார்மல்' போட்டிருந்தாலும் உனக்கு இரும்புச்சத்து இல்லாமல் இருக்கலாம். அழற்சி உள்ளவர்களுக்கு 100 வரை சந்தேகப்பட வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டி.

இவ்வளவும் எடுத்த பிறகும், எந்த உணவு உன்னைப் படுத்துகிறது என்பதற்கு ரத்தத்தில் பதில் கிடைக்காமல் போகலாம். அதற்கான சோதனை லேபில் இல்லை. 1993-ல் லான்செட் இதழில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. குரோன் தீவிரமாக இருந்த 136 பேருக்கு முதலில் திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் 43 பேர் விலகிவிட்டார்கள். மிச்சமிருந்த 93 பேரில் 78 பேருக்கு நோய் அடங்கியது. அவர்களில் ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு. மறுபாதிக்கு உணவை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, படுத்தியதை மட்டும் விலக்கினார்கள். ஸ்டீராய்டு வழியில் 3.8 மாதமும் உணவு வழியில் 7.5 மாதமும் நோய் அடங்கியிருந்தது. படுத்தியவை பெரும்பாலும் தானியங்கள், பால், ஈஸ்ட். கவனி, அங்கே யாரும் ரத்தத்தைப் பார்த்துப் பட்டியல் போடவில்லை. உணவைக் கொடுத்து, உடம்பைக் கேட்டார்கள்.

நீயும் அதைச் செய்யலாம். தனியாக அல்ல, உன் டாக்டரோடும் மருத்துவமனை டயட்டீஷியனோடும், நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருந்தை ஒருநாளும் நிறுத்தாமல். ஒரு நேரத்தில் ஒரே உணவு. இரண்டு வாரம் நிறுத்து, பிறகு மூன்று நாள் நன்றாகச் சாப்பிடு, நோட்டில் எழுது. சாப்பிட்ட மணி, வலி வந்த மணி, எத்தனை தடவை போனாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், அன்று பரீட்சையா. பால் சில மணியில் காட்டும். வெங்காயமும் பூண்டும் மறுநாள் கூடக் காட்டலாம். அவை இரண்டும் சந்தேகப்பட வேண்டியவைதான், குடலில் புளிக்கிற ஃப்ரக்டான் என்ற சர்க்கரை அவற்றில் அதிகம். ஆனால் அது எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை மட்டும் எடுத்து எறிந்துவிட்டால் வாசனை இருக்கும், வம்பு இருக்காது. திரும்பச் சேர்த்தபோது வயிறு சும்மா இருந்தால் அந்த உணவு உனக்கு உரியது. அதைப் பட்டியலிலிருந்து விடுவித்துவிடு.

டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, உன் குடலில் எங்காவது குறுகல் இருக்கிறதா என்று. எம்.ஆர். ஸ்கேனில் தெரியும். குறுகல் இருந்தால் முருங்கைக்காய்ச் சக்கையும் பலாச்சுளையும் வலி தருவதற்கு ஒத்துக்கொள்ளாமை காரணமில்லை, வழி சின்னது என்பதுதான் காரணம். அதற்கு எந்த ரத்தச் சோதனையும் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி நன்றாக வேகவைத்து மசித்துச் சாப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது என்றாயே. கால்ப்ரொடெக்டின் டப்பாவை முந்தின நாளே லேபில் வாங்கி வைத்துக்கொள், காலையில் அலைய வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. இன்றிலிருந்து சப்பாத்தி சாப்பிடு. நோட்டின் முதல் பக்கத்தில் தேதியும் எடையும் எழுதி ஆரம்பி. பொங்கலுக்கு வரும்போது அதை எடுத்து வா, உட்கார்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
சித்தி