பழைய காருக்குப் புது வர்ணமா?

புதிய கார் வாங்கப் போகிறவர், பழைய காரை அதே விற்பனைக் கூடத்தில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்த மறுகணமே, மைத்துனரோ அடுத்த வீட்டுக்காரரோ தவறாமல் வந்து ஓதிவிட்டுப் போகும் உபதேசம் ஒன்று உண்டு: "முதலில் டிங்கரிங் பார்த்து, வண்டி முழுவதும் பெயின்ட் அடித்துவிடுங்கள். போட்ட பணம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்." மோட்டார் காப்பீட்டுத் துறையில் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராகிய எனக்கு இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிற கெட்டிக்காரர்கள்கூட, யாரிடமும் ஆதாரம் கேட்காமல் இதை நம்பிப் பல்லாயிரக்கணக்கில் பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பிறகு விற்பனைக் கூடத்தில் விலை குறைந்ததற்கு உலகத்தின் நேர்மையைப் பழிப்பதை என்னென்று சொல்ல!

வண்டியை மதிப்பிட வருகிறவர் வர்ணத்தின் சௌந்தரியத்தை ரசிப்பதற்காகச் சம்பளம் வாங்குபவரல்லர். அவர் கையில் சிறிய கருவி ஒன்று இருக்கும். இரும்புத் தகட்டின் மீது அதை வைத்த மாத்திரத்தில், மேலே படிந்துள்ள பூச்சின் கனம் இத்தனை மைக்ரான் என்று அது காட்டிவிடும். தொழிற்சாலையில் பூசிய வர்ணம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். மறுபடி அடித்த இடத்தில் 200, 300 என்று ஏறும். பட்டி வைத்துப் பள்ளத்தை நிரப்பிய இடத்திலோ ஆயிரத்தையும் தாண்டிவிடும். கூரைக்கு மறுவர்ணம் பூசுவது அரிது. ஆகையால் அனுபவசாலியான மதிப்பீட்டாளர் முதலில் கூரையை அளந்து, அந்த எண்ணை ஆதாரமாக வைத்துக்கொண்டே கதவு, பானட், டிக்கி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டு வருவார். அதோடு விடுவாரா? பானட்டின் கீல்களிலும் ஃபெண்டரின் போல்ட்டுகளிலும் ஸ்பானர் பட்டு வர்ணம் உதிர்ந்திருக்கிறதா, ரப்பர் பீடிங்கின் ஓரங்களில் பெயின்ட் தெறித்த துளிகள் ஒட்டியிருக்கின்றனவா, டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினால் தெரியும் வெல்டிங் புள்ளிகள் தொழிற்சாலையின் ஒழுங்கோடு இருக்கின்றனவா, கண்ணாடிகளின் மூலையில் பொறித்துள்ள உற்பத்தி வருஷம் எல்லாவற்றிலும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அவருக்கு நித்திய கருமம்.

இப்படிப்பட்டவர் முன்னிலையில், கூரை நீங்கலாக எல்லாம் புத்தம் புதிதாக மின்னுகிற எட்டு வயதுக் காரைக் கொண்டுபோய் நிறுத்துவது, நாடி பார்க்க வந்த வைத்தியரிடம் முகப்பவுடர் பூசிக்கொண்டு கையை நீட்டுவதற்குச் சமானம். கீறலோடு வந்த காருக்கு அவர் கழிப்பது அந்தக் கீறலைப் போக்குகிற செலவை மாத்திரமே. உடல் முழுவதும் வர்ணம் பூசி வந்த காருக்கு அவர் கழிப்பதோ, அந்த வர்ணத்துக்கு அடியில் எந்த விபத்து ஒளிந்திருக்குமோ என்ற அச்சத்தின் விலையை. அந்த அச்சத்துக்கு ரசீதும் கிடையாது, வரம்பும் கிடையாது. போதாக்குறைக்கு, விற்பனைக் கூடத்தார் எடுத்துக்கொள்ளும் பழைய கார்களில் பல, அந்தக் கூடத்திலேயே விற்கப்படுவதில்லை; புகைப்படங்கள் பழைய கார் வியாபாரிகளுக்குப் போய், அவர்கள் சொல்லும் மொத்த விலையே உங்களுக்குச் சொல்லப்படுகிறது. மாதந்தோறும் வண்டிகளைப் பட்டறைக்கு அனுப்பும் அந்த வியாபாரிக்கு, நீங்கள் சில்லறையில் செய்த அதே வேலை, நீங்கள் கொடுத்ததைவிடக் குறைந்த கூலிக்கு முடியும். அவர் ஏன் உங்கள் பட்டறைச் செலவைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்? பம்பரில் நாலு கீறல் கிடந்தால் கிடக்கட்டும். அது பிளாஸ்டிக், உரசுவதற்கென்றே முன்னால் நிற்பது. நகரத்தில் ஓடிய காரில் அதைக் காணாவிட்டால்தான் அவர் ஆச்சரியப்படுவார்.

இந்த மூடநம்பிக்கையின் இன்னும் விபரீதமான கிளையொன்றை என் மேஜையில் அடிக்கடி காண்கிறேன். "இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டு இலவசமாக வர்ணம் அடித்துக்கொள்ளலாம்" என்று நம்பி, வருஷக்கணக்கில் சேர்ந்த கீறல்களையெல்லாம் நேற்று மாலை நடந்த ஒரே விபத்தின் விளைவென்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். வலது கதவில் பக்கவாட்டுக் கோடும், பின் பம்பரில் குழியும், இடது ஃபெண்டரில் துருவேறிய பழைய உரசலும் ஒரே மோதலில் உண்டாகா என்பதை அறியச் சர்வேயர் பரீட்சை எழுத வேண்டியதில்லை. துரு ஒரு நாளில் பிடிப்பதில்லை, ஐயா! தனித்தனி விபத்தென்றால் தனித்தனி கிளெய்ம். ஒவ்வொன்றுக்கும் 1,500 சி.சி.க்கு உட்பட்ட காரானால் 1,000 ரூபாயும், மேற்பட்டதானால் 2,000 ரூபாயும் நீங்களே ஏற்க வேண்டும். சாதாரணப் பாலிசியில் வர்ணப் பூச்சுச் செலவில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகவும் கழிப்போம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய நஷ்டம் வேறொன்று. தொடர்ந்து கிளெய்ம் கேட்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருஷங்களில் 50 சதவீதம் வரை ஏறுகிற நோ கிளெய்ம் போனஸ் என்னும் சலுகை இருக்கிறதே, அது காரைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. விற்றபின் கம்பெனியிடம் அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், மூன்று வருஷங்களுக்குள் வாங்கும் புதிய காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். விற்பதற்கு முன் பெயின்டுக்காக ஒரு கிளெய்ம் போட்டீர்களானால், அந்தச் சலுகையைக் காக்கும் தனிச் சேர்க்கையை வாங்கியிராத பட்சத்தில், அது பூஜ்யமாகிவிடும். பத்து லட்ச ரூபாய்ப் புதுக் காருக்குப் பாதியாகியிருக்க வேண்டிய சொந்தச் சேதப் பிரீமியத்தை முழுமையாகக் கட்டுவீர்கள். இலவச வர்ணத்தின் லட்சணம் இது.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் விலை ஏறாது. ஈரம் மின் இணைப்புகளில் புகுந்து வண்டி மதிப்பீட்டாளரின் கண்முன்னே இருமும், அன்றியும் எண்ணெய்க் கசிவை மறைக்கத்தான் கழுவினீர்கள் என்று அவர் நினைப்பார். எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டுப் போவதும் வீண். அழித்த சமாசாரத்தையும் அவருடைய ஸ்கேனர் சொல்லும், ஏனெனில் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கணினி காட்டிக்கொண்டிருக்கும். கிலோமீட்டரைக் குறைப்பது மோசடிக் குற்றம். கம்பெனி சர்வீஸ் பதிவேட்டில் பழைய எண் அப்படியே இருக்கிறது. புது டயர், புது மியூசிக் சிஸ்டம், புது சீட் கவர்: போட்டதில் பாதி திரும்பினாலே பாக்கியம். வாசனைத் திரவியம் தெளித்தால், வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றின் கறையைத் தேடுவார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அந்தப் பழக்கத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்யத்தக்கவை சொற்பம். உள்ளும் புறமும் சுத்தமாகக் கழுவுங்கள். எரியாத பல்பையும் தேய்ந்த வைப்பரையும் மாற்றுங்கள். சர்வீஸ் ரசீதுகளையும் இரண்டாவது சாவியையும் தேடி எடுங்கள். மியூசிக் சிஸ்டத்தில் ஏறியுள்ள உங்கள் கைபேசித் தொடர்புகளை அழியுங்கள். கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் கிடந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கொடுத்து அதை நீக்குங்கள். நூறு கீறல்களைவிட அந்த ஒரு வரி பேரத்தை அதிகம் தாமதப்படுத்தும்.

காகிதம் என்றவுடன் என் பழைய ஆற்றாமை கிளம்பிவிடுகிறது, பொறுத்தருள வேண்டும். பெயின்டுக்கு மூன்று பட்டறைகளில் விலை விசாரிக்கிற அதே மனிதர், உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் வாங்குகிறவரின் பெயர் எழுதப்படாமலே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, மாலை போட்ட புதுக் காரில் ஏறிப் போய்விடுகிறார். பழைய வண்டி கை மாறி, ஊர் மாறி, எங்கேயோ ஒருவர் மீது ஏறிவிட்டால் நஷ்டஈட்டு வழக்கில் முதலில் அழைக்கப்படுபவர் யார்? கைமாறிப் போன ஒரு காரின் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்துவிட்டது. விற்றவரும் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவிலேயே உள்ள கடமை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அதிகாரச் சான்று பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் காரை ஒப்படைக்கும்போது 29சி என்னும் படிவத்தை மின்வழியே பதிவு செய்யலாம். அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், வண்டியை எதற்காக எங்கே ஓட்டினார் என்பதற்கும் அவரே பதிவேடு வைக்க வேண்டும். ஆகையால், விலை பேசுவதற்கு முன்னால் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்குகிறவர் பெயரும் தேதியும் எழுதாத படிவத்தில் பேனாவை வைக்காதீர்கள். ஃபாஸ்டாக்கைக் கழற்றி, அதன் கணக்கையும் மூடிவிடுங்கள். 29சி பதிவான ஒப்புகை கைக்கு வரும் வரையில் இரண்டாவது சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், கூடத்தின் மேலாளர் எத்தனை காபி வரவழைத்துக் கொடுத்தாலும் சரி.