பெரிய முதலாளி போட்ட கையெழுத்து சிறிய கடையைக் கட்டுமா?

கூலி உயர்வு என்ற பேச்சு எழுந்தால் நம் வணிகர்களுக்கு நினைவு வருவது இரண்டுதான். ஒன்று, வேலையாள் கல்லாப்பெட்டி அருகே வந்து நின்று தலையைச் சொறிவது. மற்றொன்று, அரசு ஆணை போடுவது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஒரு தொழிலிலுள்ள முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் எதிரெதிரே அமர்ந்து, அந்தத் தொழில் முழுமைக்கும் கூலியைப் பேசி முடிப்பது. இதைக் கூட்டுப் பேரம் என்பர். ஆப்பிரிக்காவில் இம்முறை நன்கு வேரூன்றிய நாடுகளுள் ஒன்றான தென்னாப்பிரிக்காவை இங்கே எடுத்துக்கொள்வோம்.

அங்கே 1924லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அனுமதிச் சீட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட கறுப்பினத்தவரை அச்சட்டம் 'தொழிலாளி' என்றே கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் கூலியைப் பிறர் பேசி முடித்தார்கள். 1973 ஜனவரியில் டர்பன் நகரத்துச் செங்கல், ஓடு தொழிற்சாலை ஒன்றில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊரெங்கும் பரவிய பிறகே ஆட்சியாளருக்கு உறைத்தது. 1979இல் வீஹான் குழுவின் பரிந்துரையை ஏற்றுக் கறுப்பினத் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1995இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டமே இன்றைய பேரக் கழகங்களுக்கு அடிப்படை.

பேரக் கழகத்தில் பாதி இடம் முதலாளிகள் சங்கங்களுக்கு, பாதி தொழிற்சங்கங்களுக்கு. கூலி, வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றைப் பேசி உடன்படிக்கை எழுதுவார்கள். இதுவரை சிக்கல் இல்லை. சட்டத்தின் 32ஆம் பிரிவில்தான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கையெழுத்திட்ட தரப்புகளுக்குப் போதிய பெரும்பான்மை இருந்தால், அந்த உடன்படிக்கையைச் சங்கத்தில் சேராத முதலாளிகளுக்கும் அமைச்சர் நீட்டிக்கலாம். பேசப் போகாதவரும் கட்டுப்பட வேண்டும்!

இது அநியாயம் என்று உடனே தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு. எல்லோரும் சரியான எடை போடும் தெருவில் ஒருவர் மட்டும் எடையைக் குறைத்து விலையையும் குறைத்தால் மற்றவர் கதி என்ன? கூலியைக் குறைத்துப் போட்டியிடுவதும் அப்படித்தான் என்பது தொழிற்சங்கங்களின் வாதம். பெரிய முதலாளிகளில் பலருக்கும் இது உடன்பாடே. அவர்களால் அந்தக் கூலியைக் கொடுக்க முடிகிறது, சிறியவரால் முடிவதில்லை என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

குவாசூலு-நேட்டால் மாகாணத்து நியூகாசிலில் இந்த மோதல் முற்றியது. அங்கே ஆயத்த ஆடை தைக்கும் பட்டறைகள் ஏராளம். தைவான், சீனாவிலிருந்து வந்தவர்கள் நடத்துபவையும் அவற்றில் நிறைய. உடன்படிக்கைக் கூலியைக் கொடுக்காத பட்டறைகள்மீது ஆடைத் தொழில் பேரக் கழகம் 2010இல் நடவடிக்கை எடுத்தது. உரிமையாளர்கள் பட்டறைகளை மூடினார்கள். அப்போது நடந்ததுதான் வேடிக்கை. கூலி குறைவு என்று யாருக்காக வழக்கோ, அந்தத் தொழிலாளர்களில் பலர் மூடக் கூடாது என்று போராடினார்கள். குறைந்த கூலியாவது வருகிறதே, ஊரில் வேறு வேலை ஏது என்பது அவர்கள் கேள்வி. அதை அலட்சியம் செய்ய நம்மால் முடியவில்லை. அதற்காகக் குறைந்த கூலியே நியாயம் என்றும் ஆகிவிடாது.

சிறிய முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2010 டிசம்பரில் செய்த நீட்டிப்பு செல்லாது என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆனால் 32ஆம் பிரிவையே எதிர்த்து வேறொரு அமைப்பு தொடுத்த வழக்கு 2016இல் தள்ளுபடியாயிற்று. ஆக, விதி நிற்கிறது. விதிப்படி தலைகளை எண்ணாமல் நீட்டித்தால்தான் தவறு.

சிறியவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வாசல் விலக்கு மனு. கொடுக்க இயலாதவர் கழகத்திடம் விலக்குக் கேட்கலாம். மறுத்தால் தனிச் சார்பற்ற குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். கழக நிர்வாகத்தில் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு இடம் தரவும் சட்டம் சொல்கிறது. இடம் இருந்தும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போவது யார்?

மளிகை, மொத்த வியாபாரத்தின் நிலை வேறு. நாடு தழுவிய பேரக் கழகம் இத்துறைக்கு இல்லை. பெரிய சங்கிலிக் கடைகள் தத்தம் தொழிற்சங்கத்துடன் தனியே பேசிக்கொள்கின்றன. மற்றக் கடைகளுக்குக் காசாளர், விற்பனையாளர், ஓட்டுநர் என்று வேலைவாரியாக அரசே கூலி நிர்ணயிக்கிறது. அதற்கும் அடித்தளமாக 2019 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தது. அப்போது மணிக்கு 20 ராண்ட்; 2025 மார்ச்சில் 28.79 ராண்ட். இதற்கும் விலக்குக் கேட்கலாம். ஆனால் வரவு செலவைக் காட்டி இயலாமையை நிரூபிக்க வேண்டும்; விலக்கு ஓராண்டுக்கு மேல் கிடையாது; கிடைத்தாலும் குறைந்தபட்சக் கூலியில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே போக முடியாது. கணக்கை மனத்திலேயே வைத்திருக்கும் கடைக்காரருக்கு அந்த மனுவை நிரப்புவதே முடியாத காரியம்.