ஏஞ்சல் மீனைச் சோடி சேர்த்தல்

கமத்தோடு அலங்கார மீன் வளர்ப்பையும் உபதொழிலாகக் கொள்வோர் ஏஞ்சல் மீனில் நட்டமடைவது பெரும்பாலும் சோடி சேர்ப்பதிலேயாம். அமேசன் ஆற்றுப் பகுதிக்குரிய இம்மீனில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தாற் பிரித்தறிதல் அரிது. கைக்கு அகப்பட்ட இரண்டைப் பிடித்து ஒரே தொட்டியில் விட்டால், பலமானது மற்றதைக் குத்திக் கொன்றுவிடவுங் கூடும். ஆகவே 6 முதல் 8 குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமே துணை தேட விடுதல் வேண்டும்.

பருவமடைந்தபின் இரு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஏனையவற்றைத் துரத்துமாயின் அவையே சோடி. அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, ஒரு கற்பலகையைச் சாய்வாக நிறுத்துக. இரண்டும் அதனை வாயாற் சுத்தஞ் செய்யும். பெண் வரிசையாக முட்டையிட, ஆண் பின்தொடர்ந்து கருக்கட்டச் செய்யும். அப்போது அடிவயிற்றில் தோன்றும் சிறு குழாய் ஆணிற் கூராகவும், பெண்ணில் அகன்று மழுங்கியும் இருக்கும். இதனைக் கவனித்தல் நன்று. ஏனெனில் ஆணில்லாவிடத்து இரு பெண்களுஞ் சோடியாகி முட்டையிடும். அம்முட்டைகள் யாவும் வெளுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

நல்ல முட்டைகள் 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் 2 அல்லது 3 நாளிற் பொரிக்கும். அதுவரை பெற்றோர் இரண்டும் செட்டையால் விசிறிக் காக்கும். இக்காலத்தில் தொட்டியருகே நடமாட்டமும் திடீர் வெளிச்சமும் ஆகா. வெருண்ட சோடி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். முதலிட்ட முட்டைகள் அழிந்தமைக்காகச் சோடியைப் பிரித்தலாகாது. இளஞ்சோடிகள் இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின்னரே காக்கப் பழகுவதுண்டு.