குளியலறைச் சுவரில் படியும் ஈரம்

எக்சாஸ்ட் ஃபேன் ஓடியும் மழைக்காலத்தில் குளியலறைச் சுவர் நனைந்து கரும்பூஞ்சை படிகிறதே, ஏன்?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்ததுமே அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்குகிறது. அந்த வெப்பநிலையே பனிநிலை எனப்படும். வங்கக்கடலும் பழவேற்காட்டு ஏரியும் அருகிலிருக்க, வடகிழக்குப் பருவமழையின்போது கும்மிடிப்பூண்டியின் வெளிக்காற்றே ஈரம் மிகுந்திருப்பதால், கீசரின் வெந்நீர் ஆவி சிறிது சேர்ந்தாலும் ஓடுகள் நனைந்துவிடுகின்றன. குறை பெரும்பாலும் விசிறியில் இல்லை. கதவும் ஜன்னலும் இறுக மூடியிருந்து, புதுக்காற்று நுழைய வழியில்லாதபோது அது வீணே சுழல்கிறது. கதவின் அடியில் ஒரு விரற்கிடை இடைவெளி விட்டு, குளித்தபின் அரைமணி நேரம் விசிறியை ஓடவிட்டு, தரைநீரை வழித்துத் தள்ளினாலே பெரும்பகுதி ஈரம் வெளியேறிவிடும். படிந்த பூஞ்சையை நீர்த்த பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைக்கலாம். அதனுடன் ஆசிட் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் ஒருபோதும் கலத்தல் கூடாது.